கழட்டிப் பார்க்கிற மேடம்

எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தலைமையிடம் கடலூர். அங்கே இந்த மேடத்துக்கு வாயில் நுழையாத ஒரு பதவிப் பெயர் இருந்தது. சிதம்பரம் கிளையில் இருந்த எங்களுக்கு அவர் ‘கழட்டுற மேடம்’. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை, ஆனாலும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஒருநாள் ரிசப்ஷன் கோமதி போனை எடுத்ததும், “நான்தாம்மா, கழட்டுறவ பேசுறேன்” என்றிருக்கிறார். கோமதி நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டாள்.

நான் அந்தக் கிளையில் ஸ்கேன் எடுக்கிறவள். அவர் வேலையை விட்டுக் கணவரோடு மஸ்கட் போய்விட்டார் என்று கேள்வி. எனக்கு அவர் மேல் இருந்த எரிச்சல் முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். மரியாதையும் போகவில்லை.

பரங்கிப்பேட்டைக்காரர். குள்ளமான உருவம், தலையிலிருந்து நழுவிக்கொண்டே இருக்கும் துப்பட்டா, அதைச் சரிசெய்துகொண்டே இருக்கும் ஒரு கை. எது இருக்கிறது என்று சொன்னாலும் நம்ப மாட்டார். பூட்டைப் பூட்டினால் இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார். ஆட்டோவில் ஏறினால் பிரேக்கைப் பிடித்துக் காட்டச் சொல்வார். அவர் தங்கை மகள் கல்யாணத்துக்கு நாங்கள் நான்கு பேர் போயிருந்தோம். பிரியாணி பரிமாறிக்கொண்டிருக்கும்போது மின்விசிறிகள் எல்லாம் நின்றன. பெண் வீட்டார் பதறினார்கள். கொஞ்ச நேரத்தில் ஜெனரேட்டர் உறுமியது, காற்று வந்தது. மேடம் மெயின் சுவிட்ச் பக்கத்திலிருந்து கையைத் தட்டிக்கொண்டு நிதானமாக வந்தார். அவருடைய உம்மா எங்கள் தட்டுகளைப் பார்த்துக்கொண்டே, “இவ நிக்காஹ் அன்னைக்கும் இதே கூத்துதான் பண்ணுனா. சாப்பிடுங்க, இனிமே கரண்டு போவாது” என்றார்.

ஆஸ்பத்திரியில் அவர் வேலை என்னவென்று ஒருமுறை எங்களுக்கு உட்கார வைத்துச் சொன்னார். கடலூர், பண்ருட்டி, விருத்தாசலம், சிதம்பரம் என்று கிளைகள். பில் போடுகிற மென்பொருள் கிளவுடில் இருக்கிறது, அதாவது மும்பைப் பக்கம் வேறொரு கம்பெனியின் கம்ப்யூட்டரில். ஸ்கேன் படங்கள் போக வேண்டியது கடலூருக்கு. அவற்றின் நகல் ஒன்று சென்னையில் டேட்டா சென்டரில் கிடக்கும். அவர் வருவதற்கு முன்பு எங்கள் கிளையிலிருந்து எது கிளம்பினாலும் முதலில் கடலூர் போய்த்தான் வெளியே போகும். கோமதி இருநூறு ரூபாய்க்கு ஒரு பில் போட்டாலும் அது கடலூர், சென்னை எல்லாம் சுற்றி மும்பை போய்த் திரும்பி வர வேண்டும். மேடம் அதை மாற்றினார்.

“சிதம்பரத்துலேந்து சென்னைக்குப் போறவங்க எல்லாரும் கடலூர்ல எறங்கி ஏறித்தான் போவணும்னு சட்டமா? விருத்தாசலம் வழியா போறவங்க போவட்டும். கடலூர்ல வேல இருக்கிறவங்க மட்டும் கடலூர் பஸ்ல ஏறட்டும்” என்றார். பில் நேராக இன்டர்நெட்டில் போகும். ஸ்கேன் படம் மட்டும் கடலூருக்கென்றே வாடகைக்கு எடுத்த தனி லைனில் போகும். ஒரு கம்பெனி லைன் அறுந்தால் இன்னொரு கம்பெனி லைன் இரண்டையும் சுமக்கும். இரண்டும் அறுந்தால் மூன்றாவதாக ஒரு சிம் கார்டு இருக்கிறது, செல்போன் டவர் வழியாகப் போகும். எது எந்த வழியில் போக வேண்டும் என்பதை மாடிப்படிக்கு அடியில் இருக்கும் பெட்டி பார்த்துக்கொள்ளும்.

அந்தப் பெட்டி உண்மையிலேயே பார்த்துக்கொள்கிறதா என்பதுதான் அவருக்குத் தூக்கத்தைக் கெடுத்த விஷயம். அதனால் கழட்டுவார். காலை பதினொரு மணி, ஓ.பி. நிரம்பி வழியும் நேரம், அதுதான் அவருக்கு வசதி. கடலூரில் உட்கார்ந்தபடியே ஒரு லைனை அணைப்பார். எங்கள் திரை ஒரு கணம் திக்கும், பிறகு ஓடும். சில நாள் மூன்றையும் சேர்த்து அணைத்துவிடுவார். பத்து நிமிஷத்தில் தானாகவே சேர்ந்துகொள்ளும்படி பெட்டிக்குச் சொல்லி வைத்துவிட்டுத்தான் அதைச் செய்வார். அந்தப் பத்து நிமிஷத்தில் நாங்கள் கையால் பில் எழுதும் புத்தகத்தை எடுத்து வேலையைத் தொடர வேண்டும் என்பது ஏற்பாடு.

முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யக்கூடாதா என்று நான் ஒருமுறை சண்டைக்கே போனேன்.

“சொல்லிட்டுக் கழட்டுனா எல்லாரும் ரெடியா உக்காந்திருப்பீங்க. நெசமா அறுந்து போறப்ப எவன் சொல்லிட்டு அறுக்கிறான்?” என்றார்.

அவர் சொன்னது சரி என்பதாலேயே இன்னும் ஜாஸ்தி கோபம் வந்தது.

நாங்கள் என்ன செய்தோம் என்றால், புத்தகத்தை எடுக்கவில்லை. திரை நின்றதும் கோமதி “மேடம் டீ” என்பாள். எல்லாரும் எழுந்து எதிரில் இருந்த ரவி கடைக்குப் போவோம். பத்து நிமிஷத்துக்கு ஒரு டீ சரியாக இருக்கும். கிளாஸை வைத்துவிட்டு வந்தால் திரையும் வந்திருக்கும். நாளாவட்டத்தில் ரவியே எங்களைப் பார்த்ததும், “இன்னைக்கு மேடமா?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டான். நோயாளிகளுக்குக்கூடத் தெரியும். காத்திருக்கும் பெஞ்சில் இருந்து ஒரு கிழவர், “கழட்டிட்டாங்களா? சரி, நானும் ஒரு டீ சாப்டு வரேன்” என்று எங்கள் பின்னாலேயே வருவார்.

ஒரு ஆடி மாதக் காலையில் ஒரு பரோட்டா மாஸ்டரைக் கொண்டுவந்தார்கள். புவனகிரி சாலையில் ஒரு ஹோட்டலில் வேலை. ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். வலது பக்கம் தொய்ந்து, வாய் கோணிக்கொண்டு, பேச்சு குழறியது. முழங்கை வரை மாவு.

“மாவு பெசஞ்சிட்டிருந்தாரும்மா. அப்படியே சாஞ்சிட்டாரு” என்றார் மனைவி. அவரும் அதே ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறவர். அழவில்லை. கணவரின் வலது கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார்.

மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு என்றால் கரைக்கிற ஊசி ஒன்று உண்டு. சீக்கிரம் போட வேண்டும், தள்ளிப் போகப் போக மூளை செத்துக்கொண்டே போகும். ஆனால் அடைப்பாக இல்லாமல் ரத்தக் கசிவாக இருந்து அந்த ஊசியைப் போட்டுவிட்டால் ஆள் போய்விடுவார். இரண்டில் எது என்று ஸ்கேனைப் பார்த்துச் சொல்ல வேண்டிய நரம்பு டாக்டர் கடலூரில் இருந்தார். ஊசி மருந்து எங்களிடம் தயாராக இருந்தது. அவர் பார்த்து ‘போடு’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். படம் எடுத்து அனுப்பினேன். எவ்வளவு போயிருக்கிறது என்று காட்டும் கோடு திரையில் நகர்ந்துகொண்டே வந்தது. பாதியைத் தாண்டியதும் நின்றது.

வெளியே நாற்காலிகள் நகரும் சத்தம். கோமதியின் குரல்: “மேடம் டீ.”

டியூட்டி டாக்டர் தலையை நீட்டினார். சின்னப் பையன், படிப்பு முடித்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. “என்ன, போச்சா?”

“பாதியில நிக்குது டாக்டர். லைன் இல்ல.”

“மேடம் டெஸ்ட்டு டாக்டர்” என்றாள் கோமதி அவருக்குப் பின்னால் நின்று. “பத்து நிமிஷத்துல தானா வந்துடும்.”

டவுனுக்கு அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே நரம்பு டாக்டர் உண்டு. டியூட்டி டாக்டருக்கும் அது தோன்றியது. ஆம்புலன்ஸில் ஏற்றி, அங்கே இறக்கி, மறுபடி பதிவு செய்து, மறுபடி பார்த்து என்று மனசுக்குள் கணக்குப் போட்டார்.

“மாத்துறதுக்கே அரை மணி ஆயிடும். பத்து நிமிஷம்தான? இருக்கட்டும்” என்றார்.

அன்றைக்கு அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

நான் திரையை விட்டு நகரவில்லை. கோடு நகரவில்லை. மேடம் மட்டும் எதிரில் இருந்திருந்தால் அறைந்திருப்பேன். ஒரு மனுஷி, கடலூரில் குளுகுளு அறையில் உட்கார்ந்துகொண்டு, இங்கே ஒருவர் செத்துக்கொண்டிருக்கும்போது விளையாடுகிறாளே என்றுதான் நினைத்தேன். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். கோமதி திரும்பி வந்து தன் திரையைத் தட்டிப் பார்த்தாள்.

“இன்னைக்குக் கொஞ்சம் ஜாஸ்தி நேரம் வெச்சிருக்காங்க போல” என்றாள். குரலில் முன்பிருந்த தெம்பு இல்லை.

கடலூருக்குப் போன் போடலாம் என்று எடுத்தேன். மேஜை போனும் அந்தப் பெட்டி வழியாகத்தான், சத்தமே இல்லை. எங்கள் எல்லாரிடமும் இருந்தது ஆஸ்பத்திரி கொடுத்த செல்போன்தான், பெட்டியில் இருந்த சிம் கார்டும் அதுவும் ஒரே கம்பெனி, அதில் சிக்னல் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்துக் கழட்டிவிட்டாளா என்று தோன்றியது. டவரை எப்படி அவரால் கழட்ட முடியும் என்று அந்த நேரத்தில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மாஸ்டரின் கையில் மாவு காய்ந்து உதிர ஆரம்பித்திருந்தது. அவர் மனைவி அதை விரலால் தேய்த்து எடுத்துக்கொண்டே கேட்டார். “இன்னும் என்னாத்துக்கும்மா பாக்குறீங்க?”

“லைன் வரணும்மா.”

“எந்த லைனு?”

நான் நின்றுபோன கோட்டைக் காட்டினேன்.

அப்போதுதான் ரவி ஓடி வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக ஸ்கேன் அறைக்குள் வந்தான். ஈரக் கையில் அவனுடைய போன். “அக்கா, கழட்டல கழட்டலன்னு கத்துறாங்க. என்னான்னே புரியல. நீங்க பேசுங்க.”

மேடம்தான். மூச்சு வாங்கியது. “ஏம்மா, இங்க பாதிப் படம்தான் வந்திருக்கு. அந்த ஸ்கேன் ஆளு இன்னும் அங்கதான் இருக்காரா?”

“ஆமா மேடம்.”

“யா அல்லா.” குரல் உயர்ந்தது. “நான் கழட்டலம்மா. நான் எதையும் தொடல. ரோட்டுல எங்கியோ போயிடுச்சு, எப்ப வரும்னு தெரியாது. காத்திருக்காதீங்க. படத்த சிடில போட்டுக் கையில குடுத்து ஆள கெளப்புங்க. இப்பவே கெளப்புங்க.”

கிளப்பினோம். பெரிய ஆஸ்பத்திரியில் படத்தைப் பார்த்ததும் ஊசி போட்டார்கள். பிழைத்துக்கொண்டார். சில நாளில் பேச்சும் வந்தது. வலது கை மட்டும் முழுசாக வரவில்லை. நாங்கள் உட்கார்ந்திருந்த நேரத்தினால்தான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

ரவியின் நம்பர் மேடத்துக்கு எப்படி என்று பிறகு தெரிந்தது. அவர் கழட்டும்போது நாங்கள் புத்தகத்தை எடுக்கிறோமா அல்லது டீ குடிக்கப் போகிறோமா என்று வேவு பார்க்க, ஆறு மாசத்துக்கு முன்பே அவனிடம் வாங்கி வைத்திருக்கிறார். அந்தப் பயலும் ஒழுங்காகத் தகவல் கொடுத்திருக்கிறான். எங்கள் நம்பர் எதுவும் கிடைக்காமல், நாங்கள் அவர் பேரைச் சொல்லி டீக்கடையில் நிற்போம் என்று அவருக்கு உறைத்ததும்தான் அவனைக் கூப்பிட்டிருக்கிறார்.

அன்று மதியமே ஸ்கூட்டரில் சிதம்பரம் வந்தார். என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வெள்ளாற்றுப் பாலத்துக்குப் போனார். சாலை வேலைக்குத் தோண்டிய ஜேசிபி ஒரு பக்கம் நின்றது. பள்ளத்துக்குள் ஒருவர் குடையை நட்டு வைத்துக்கொண்டு அறுந்த கேபிளின் கண்ணாடி இழைகளை ஒட்டிக்கொண்டிருந்தார். மேடம் அவரிடம் ஏதேதோ கேட்டார். பிறகு பள்ளத்தின் விளிம்பில் குந்தி உட்கார்ந்துவிட்டார்.

“ரெண்டு கம்பெனி வயரும் ஒரே பைப்புல வருது” என்றார். “டவருக்குப் போறதும் இதே பைப்புதான். மூணு பேருக்கு மாசாமாசம் பில்லு கட்டுறோம். ஆறு தாண்டுறதுக்கு இருக்கிறது ஒரு பைப்பு.”

“நீங்கதான் எல்லாத்தையும் கழட்டிக் கழட்டிப் பாத்தீங்களே மேடம்” என்றேன். குத்திக் காட்டத்தான் சொன்னேன்.

“உங்க பெட்டியில இருக்கிற முனையக் கழட்டுனேன். அதுதான் என் கைக்கு எட்டுச்சு.” துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, “ரவி போன் மட்டும் எப்படி அடிச்சுது?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். அவன் வைத்திருந்தது வேறு கம்பெனி, அந்த டவருக்குத் தெற்கே சீர்காழிப் பக்கத்திலிருந்து லைன் வருகிறது என்று இரண்டு நாளில் கண்டுபிடித்தார். எங்கள் பெட்டிக்குப் புதிதாக ஒரு லைன் தெற்கிலிருந்து வந்தது அப்படித்தான்.

அதற்கு முன்னால், அன்று சாயந்திரமே எங்களை எல்லாம் ரிசப்ஷனில் கூட்டினார். கோமதி ஏற்கெனவே அழுது முகம் வீங்கியிருந்தாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் உட்காரவில்லை.

“ஸ்கேன் படம் போயிட்டிருக்கிறப்ப நான் லைனத் தொட மாட்டேன்” என்றார். “ஒரு நாளும் தொட்டதில்ல. படம் எதுவும் ஓடலைன்னு பாத்துட்டுத்தான் கழட்டுவேன். இத நான் உங்க யாருக்கும் சொன்னதில்ல.”

“ஏன் மேடம் சொல்லல?” என்று டியூட்டி டாக்டர் கேட்டார்.

“சொன்னா, எந்நேரமும் ஏதாவது ஒரு பழைய படத்த ஓட விட்டுட்டு உக்காந்துடுவீங்கன்னு நெனச்சேன்.” எங்களைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார். “தெரிஞ்சிருந்தா, பாதியில நின்னதுமே இது நான் இல்லன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.”

நாங்கள் அப்படிச் செய்திருப்போமா? செய்திருப்போம். நானே செய்திருப்பேன். என் கோபம் அத்தனையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

அதன் பிறகு சொல்லாமல் கழட்டக் கூடாது என்று நிர்வாகம் உத்தரவு போட்டது. மேடம் மறுபேச்சுப் பேசவில்லை. மாசத்துக்கு ஒருநாள் நேரிலேயே வந்து, எல்லாரிடமும் சொல்லிவிட்டு, மாடிப்படிக்கு அடியில் குனிந்து கையாலேயே வயரைக் கழட்டுவார்.

அப்படி அவர் வந்திருந்த ஒருநாள் பரோட்டா மாஸ்டரும் மனைவியும் வந்தார்கள். மறுபடி ஒரு ஸ்கேன் பார்த்துவரச் சொல்லியிருந்தார்கள். எடுத்து முடித்துப் படத்தை அனுப்ப ஆரம்பித்தேன். மாஸ்டர் வெளியே வந்தவர் மாடிப்படி அருகே நின்றுவிட்டார். யார் சொன்னார்களோ, ரவியாகத்தான் இருக்கும்.

“நீங்கதான் கழட்டுற அம்மாவா?”

கோமதி கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். மேடம் நிமிர்ந்தார். “ஆமாங்க.”

“அன்னைக்கு நீங்க கழட்டலயாமே.”

“இல்ல.”

“நீங்கன்னு நெனச்சுத்தான் எங்கள உக்கார வெச்சாங்களாம்.”

“ஆமா” என்றார் மேடம். மாஸ்டரின் மனைவி, “வாய்யா போவலாம்” என்று சட்டையைப் பிடித்து இழுத்தார். அவர் நகரவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் போடுவாரோ, உதைப்பாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவர் உதைத்திருந்தாலும் யாரும் தடுத்திருக்க மாட்டோம்.

“இப்ப கழட்டுனா என் படம் நிக்குமா?”

“நிக்கக் கூடாது” என்றார் மேடம்.

“எங்க, நான் கழட்டுறேன்.”

படம் போகும்போது தொட மாட்டேன் என்றவர் என்னைப் பார்த்தார். அவர் ஒதுங்கி வழிவிட்டார். வயர் நுனியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அதைக் கட்டைவிரலால் அமுக்கினால்தான் வெளியே வரும். மாஸ்டர் குனிந்து வலது கையைக் கொண்டுபோனார். விரல் அந்த இடத்தைச் சரியாகப் போய்த் தொட்டது. அமுக்க வரவில்லை. மறுபடி வைத்தார். நழுவியது. மூன்றாம் தடவை மணிக்கட்டை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு அமுக்கிப் பார்த்தார். மேடம் அவர் விரலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உதவிக்குப் போகவும் இல்லை.

கடைசியில் மாஸ்டர் கையை மாற்றினார். இடது கையால் ஒரே அமுக்கு, வயர் வந்துவிட்டது.

நான் திரைக்கு ஓடினேன். கோடு ஒரு கணம் நின்றது. பிறகு நகர்ந்தது.

“போவுது” என்று கத்தினேன். “போயிட்டிருக்கு.”

“அப்ப சரி” என்றார் மாஸ்டர். வயரை மேடத்தின் கையில் கொடுத்துவிட்டு, மனைவி தோளைப் பிடித்துக்கொண்டு வாசல் படி இறங்கிப் போனார்.

படம் முழுசும் போய்ச் சேர்ந்ததும் வெளியே வந்தேன். மேடம் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார், வயர் கையிலேயே இருந்தது. “மாட்டிடுங்க மேடம்” என்றேன். கேட்ட மாதிரி தெரியவில்லை. இரண்டாம் தடவையும் சொன்னேன். பிறகு நானே அதை வாங்கிக் குனிந்து மாட்டினேன்.